கல்பவளத் தொட்டி: மூன்று மாத ஆல்கலினிட்டி கணக்கு

கல்பவளம் எலும்பு கட்டத் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் எடுக்கிறது. அந்தப் பைகார்பனேட் அளவைக் காட்டுவதுதான் ஆல்கலினிட்டி, அதன் அலகு டிகேஎச். சிங்கப்பூர் அடுக்குமாடி வீடு. அறை வெப்பம் 30 டிகிரி, சில்லர் போட்டுத் தண்ணீர் 26இல் நிற்கிறது. உப்பு 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு). சம்ப்போடு (வடிகட்டி, பம்ப் இருக்கும் துணைத் தொட்டி) சேர்த்து 200 லிட்டர் தொட்டி, ஆனால் பாறையும் மணலும் போக இருக்கிற தண்ணீர் 150 லிட்டர்தான். பவளம் எடுத்துக் குறைவதை ஈடுகட்ட ஊற்றும் மருந்துக் கணக்கு எல்லாமே இந்த 150க்கு. 200 என்று போட்டால் மூன்றில் ஒரு பங்கு கூடிப்போகும்.

உள்ளே இருக்கும் கல்பவளங்கள்: தட்டு மோன்டிபோரா இரண்டு, விரல் மோன்டிபோரா ஒன்று, அக்ரோபோரா ஒன்று. எல்லாம் தொட்டியில் வளர்ந்த பவளத்திலிருந்து வெட்டிய ஃபிராக் (சிறு துண்டு). இந்தியாவில் கல்பவளம் அத்தனையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. மன்னார் வளைகுடாக் கரையில் கிடக்கும் துண்டைக்கூட எடுத்து வைக்கக் கூடாது.

முதல் மாதம் வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றியதே போதுமாக இருந்தது. இரண்டாம் மாதம் தட்டு மோன்டிபோராவைச் சுற்றி நூல் கனத்தில் வெள்ளை விளிம்பு ஓடியது. புது எலும்பு கட்டுகிறது என்று அர்த்தம். அப்போதே டோசிங் (தினமும் மருந்தை அளந்து ஊற்றுவது) ஆரம்பித்திருக்க வேண்டும். வார இறுதியில் பார்த்தால் ஆல்கலினிட்டி 6.4 டிகேஎச்.

அதை ஒரே நாளில் 8.5க்கு ஏற்றியது தவறு. நான்காம் நாள் விரல் மோன்டிபோராவின் நுனிகள் சதை கரைந்து வெள்ளெலும்பாகத் தெரிந்தன. ஒரு நாளைக்கு 0.5 டிகேஎச்சுக்கு மேல் ஏற்றவே கூடாது. 7.5இலோ 8.5இலோ எதில் வைத்தாலும் பவளம் வளரும், ஆட்டம்தான் ஆகாது.

எவ்வளவு குறைகிறது என்று தெரியாமல் மருந்து ஊற்றுவதில் பயனில்லை. 8.0இல் நிறுத்தி, எதுவும் சேர்க்காமல், தினமும் இரவு 9 மணிக்கே அளந்தது: 8.0, 7.4, 6.8. நாளுக்கு 0.6 போகிறது.

100 லிட்டரில் 1 டிகேஎச் ஏற்ற 3 கிராம் ஆப்ப சோடா வேண்டும் (பேக்கிங் பவுடர் கூடாது). ஆக 150 லிட்டருக்கு, தினம் குறையும் 0.6ஐ ஈடுகட்ட, 2.7 கிராம். அதற்கு ஈடாகக் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் சுமார் 2.4 கிராம். ஒரு லிட்டர் ஆர்ஓ-டிஐ (உப்பெல்லாம் நீக்கிய) தண்ணீரில் 80 கிராம் சோடா, இன்னொரு லிட்டரில் 70 கிராம் கால்சியம் குளோரைடு. இப்படிக் கரைத்தால் இரண்டிலும் தினம் 34 மில்லி, சமமாக ஊற்றினால் போதும். கால்சியம் குளோரைடு கரையும்போது பாட்டில் லேசாகச் சூடாகும்.

சோடா காலையில், கால்சியம் மாலையில், சம்ப்பில் வேகமாக ஓடும் இடத்தில். இரண்டும் ஒன்றாக விழுந்தால் பால் போலக் கலங்கும். அது சுண்ணாம்பாகிப் பம்ப்பில் ஒட்டிக்கொள்ளும், பவளத்துக்குப் போய்ச் சேராது.

பத்து நாள் 8.0, 8.1 என்று நின்றது. பிறகு அதே 34 மில்லிக்கு இரண்டே நாளில் 8.6. கூடுகிறதே என்று சந்தோஷப்படக் கூடாது, பவளம் சோடாவை எடுப்பதைக் குறைத்துவிட்டது என்பதற்கு இதுதான் முதல் அடையாளம். நிறம் வெளுப்பது அதற்குப் பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். பாஸ்பேட் அளந்ததில் 0.00 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்), பவளத்துக்கு அது கொஞ்சமாவது வேண்டும். ஜிஎஃப்ஓ (பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு மணிகள்) அதிகமாகப் போட்டு முழுவதையும் உறிஞ்சிவிட்டது. அதை எடுத்துவிட்டு, மீனுக்குத் தீனியை ஒரு வேளை கூட்டி, சோடாவை 17 மில்லியாகக் குறைத்தது. பாஸ்பேட் 0.05, நைட்ரேட் 5 வந்ததும் இரண்டு வாரத்தில் பழைய 34க்கே திரும்பியது. நுனி எரிந்த விரல் மோன்டிபோராவில் சதை மேலேறி மூடிவிட்டது.

இன்றைய அளவு: ஆல்கலினிட்டி 8.0, கால்சியம் 420 பிபிஎம், மெக்னீசியம் 1320 பிபிஎம். சோடாவும் கால்சியம் குளோரைடும் சேர்ந்தால் மிச்சம் சாதாரண உப்புதான். நாளடைவில் உப்பளவு ஏறும், அதனால் வாரம் ஒருமுறை ரீஃபிராக்டோமீட்டரில் பார்ப்பதும் 10 சதவீதத் தண்ணீர் மாற்றமும் தொடர்கிறது. அடுத்த மூன்று நாள் சோதனை, தட்டு மோன்டிபோரா இன்னும் இரண்டு விரல்கடை அகலமானதும்.