நகர வளர்ச்சியில் தனியார் மனை நிறுவனங்கள்: மெயின்ஸுக்கு நான் படித்த விதம்

நகரமயமாக்கலும் அதன் சிக்கல்களும் யுபிஎஸ்சி குடிமைப் பணி மெயின்ஸில் (முதன்மைத் தேர்வு) ஜிஎஸ் எனும் பொது அறிவு முதல் தாளின் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. அதில் 'விடுதலைக்குப் பிந்தைய நகர வளர்ச்சியில் தனியாரின் பங்கு' என்ற கோணத்தில் கேள்வி வந்தால் பெரும்பாலான விடைகள் ஒரே அச்சில் இருக்கும். 1991 தாராளமயம், ஐடி பூங்கா, அடுக்குமாடி, அப்புறம் கடைசிப் பத்தியில் சேரிகள். தமிழ் வழியில் எழுதும் நண்பர்களும் நானும் தாள்களை மாற்றி மாற்றித் திருத்தியபோது இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். 1991-இல் தொடங்கினால் கதையின் முக்கால் பங்கு போய்விடும்.

பத்து நகரங்களைத் தொட்டுத் தொட்டுப் படிப்பதைவிட ஒரே நகரத்தை ஆழமாகப் பிடிப்பது இந்தத் தலைப்புக்குப் போதும். நான் எடுத்தது டெல்லியும் அதை ஒட்டி ஹரியானாவில் இருக்கும் குர்கானும் (இன்றைய குருகிராம்). ஒரு மாநில எல்லைக்கோட்டின் இந்தப் பக்கம் அரசு தனியாரை வெளியே தள்ளியது, அந்தப் பக்கம் கூப்பிட்டு உட்கார வைத்தது. ஒப்பிட இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

முதலில் பிரிவினைக் காலம். 1941-இல் 9 லட்சத்து சொச்சமாக இருந்த டெல்லியின் மக்கள்தொகை 1951-இல் 17 லட்சத்தைத் தாண்டியது. மேற்கு பஞ்சாபிலிருந்து வந்த அகதிகளுக்கு அரசும் குடியிருப்புகளைக் கட்டியது. கூடவே, தனியார் நிறுவனங்கள் விவசாய நிலத்தை வாங்கி மனை போட்டு விற்றன. 1946-இல் சௌத்ரி ராகவேந்திர சிங் தொடங்கிய டிஎல்எஃப் இதில் முக்கியமானது. கிருஷ்ணா நகர், சவுத் எக்ஸ்டென்ஷன், கிரேட்டர் கைலாஷ் எல்லாம் அது போட்ட லேஅவுட்கள்தான். இன்று கோடிகளில் விலை பேசும் தெற்கு டெல்லியின் ஒரு பகுதி, அன்றைக்குத் தனியார் வயலில் கல் நட்டுப் பிரித்த மனை.

அடுத்த கட்டம்தான் விடையின் முதுகெலும்பு. 1955-56 குளிர்காலத்தில் நஜஃப்கட் கால்வாயின் கழிவுநீர் யமுனையின் குடிநீர் எடுக்கும் இடத்தில் கலந்து நகரம் முழுக்க மஞ்சள் காமாலை பரவியது. திட்டமிடாத வளர்ச்சி பற்றிய கவலை ஏற்கெனவே இருந்தது. இது அதைக் கூர்மையாக்கியது. 1957-இல் டெல்லி வளர்ச்சிச் சட்டம் வந்து டிடிஏ (டெல்லி வளர்ச்சி ஆணையம்) பிறந்தது. 1959 நவம்பரில் 34,070 ஏக்கரைக் கையகப்படுத்த அறிவிக்கை. 1961-இல் பெரிய அளவில் நிலத்தை வாங்கி, மேம்படுத்தி, குத்தகைக்கு விடும் கொள்கை. 1962-இல் மாஸ்டர் பிளான். இந்த நான்கு வருடங்களையும் மனப்பாடம் செய்துவிடுங்கள், வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை. டெல்லியில் தனியார் காலனி போடும் தொழிலுக்கு இதோடு சட்டப்படி கதவு மூடியது.

கதவு மூடினால் ஆள் போய்விடுவாரா? இந்த இடத்தில்தான் நல்ல விடையும் சாதாரண விடையும் பிரிகின்றன. அரசால் தேவைக்கு ஈடுகொடுத்து வீடும் மனையும் தர முடியவில்லை. எனவே தனியார் இரண்டு வழியில் திரும்பி வந்தார்கள். ஒன்று, போர்டு கூட வைக்காத சின்ன மனை வியாபாரி. டெல்லிக்குள்ளேயே வயலைத் துண்டு போட்டு, பவர் பத்திரத்தில் விற்றுவிட்டுப் போனவர்கள். 2019-இல் மத்திய அரசு சொத்துரிமை தர முன்வந்தபோது பட்டியலில் இருந்த அங்கீகாரமற்ற காலனிகள் மட்டும் 1,731. தனியார் மனை நிறுவனம் என்றதும் பளபள கண்ணாடிக் கட்டடத்தை மட்டுமே நினைக்கிறோம். என் கணக்கில் இவர்களும் அதே வகைதான், லெட்டர்பேட் மட்டும் இல்லை.

இரண்டாவது வழி எல்லை தாண்டியது. 1966-இல் உருவான ஹரியானா, 1975-இல் நகர்ப்பகுதிகள் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. நிலத்தைத் தனியாரே வாங்கலாம், உரிமம் பெற்றுக் காலனி போடலாம். உள்ளே சாலை, சாக்கடை, விளக்கு அவர்கள் பொறுப்பு. வெளியே பெரிய குழாய், பிரதான வடிகால், இணைப்புச் சாலை அரசின் பொறுப்பு. அதற்கான கட்டணத்தை நிறுவனம் செலுத்த வேண்டும். டிஎல்எஃப் 1980-களின் தொடக்கத்தில் உரிமம் பெற்றது. அதை நடத்திய கே.பி.சிங் விவசாயிகளிடம் பேசிப் பேசித் துண்டு துண்டாக நிலம் சேர்த்த கதையை அவரே எழுதியிருக்கிறார். சூடேறிய ஜீப்புக்குத் தண்ணீர் கேட்டு ராஜீவ் காந்தி அங்கே நின்ற கதையும் அதில் உண்டு. படிக்கச் சுவையாக இருக்கும், ஆனால் தாளில் எழுதாதீர்கள். 250 சொல்லில் ஜீப்புக்கு இடமில்லை.

உள்ளே, வெளியே என்ற அந்தப் பிரிவினைதான் குர்கானின் இன்றைய தலைவலிக்கு விளக்கம். காலனிக்குள் அழகான சாலை, காலனி வாசலோடு முடிந்துவிடும். பிரதான வடிகால் காலத்தில் வரவில்லை. தண்ணீருக்கு ஆழ்துளைக் கிணறும் லாரியும், மின்சாரத்துக்கு டீசல் ஜெனரேட்டரும் என்று ஓடியது. மாருதி 1983-இலேயே உற்பத்தியைத் தொடங்கிவிட்டது, 1990-களில் ஜிஇ (ஜெனரல் எலக்ட்ரிக்) போன்ற பன்னாட்டு நிறுவனங்களும் வந்தன, மாநகராட்சி மட்டும் 2008-இல்தான் வந்தது. 2016 ஜூலை மழையில் ஹீரோ ஹோண்டா சவுக்கில் வண்டிகள் மணிக்கணக்கில் நின்றதை எழுதும்போது 'பேராசை' என்று ஒரு சொல்லில் முடிக்காமல், உரிமம் கொடுத்த வேகத்தில் அரசு வடிகால் போடவில்லை என்று காரணத்தைச் சொல்லுங்கள். திருத்துபவர் எதிர்பார்ப்பது அந்தக் கண்ணியைத்தான்.

டெஸ்ட் சீரிஸில் எனக்கு மார்க் கூடிய விடை இப்படித் தொடங்கியது: '1957-க்குப் பின் டெல்லியின் நிலத்தை அரசு தன் கையில் வைத்துக்கொண்டது. தனியார் மறையவில்லை. உரிமத்தோடு ஹரியானாவுக்கும், உரிமமின்றி டெல்லியின் வயல்களுக்கும் நகர்ந்தார்கள்.' முன்னுரைக்கு இது போதும். நகரமயமாக்கலுக்கு வரையறை எழுதி நாலு வரியை வீணாக்க வேண்டாம். பக்கத்தில் யமுனை, எல்லைக்கோடு, குர்கான் மூன்றையும் காட்டும் சின்னப் படம் ஒன்று. ஒரு நிமிடம்கூட ஆகாது.

தமிழ்நாட்டு உதாரணம் வேண்டுமென்றால் ஒன்றே ஒன்று சேர்க்கலாம். அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்ய 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டதும், 2017-இல் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்ததும் டெல்லியின் சின்ன மனை வியாபாரிக்கு நேர் இணை. டிடிசிபி அப்ரூவல், பஞ்சாயத்து அப்ரூவல் என்ற பேச்சு நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும், அதனால் இதைத் தனியாகப் படிக்கக்கூட வேண்டாம். வருடத்தை மட்டும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். சென்னை, கோவை, ஜகார்த்தா, லாகோஸ் என்று அடுக்குவது எனக்குப் பிடிக்காது. பெயர் கூடும், விளக்கம் குறையும்.

முடிவுரையில் நகராட்சிகளுக்கு அரசியலமைப்புத் தகுதி தந்த 1992-இன் 74-ஆவது திருத்தமும், மனை வணிகத்தை ஒழுங்குபடுத்தும் 2016-இன் ரெரா சட்டமும் ஒரு வரியாவது வரட்டும். ரெரா வீடு வாங்குபவரைக் காக்கிறது. காலனிக்கு வெளியே வடிகால் யார் போடுவது என்ற கேள்வியை அது தொடுவதே இல்லை. இதே பொருள் ஜிஎஸ் இரண்டாம் தாளில் உள்ளாட்சி பற்றிய கேள்விக்கும் உதவும் என்பதால் குர்கான் குறிப்பைத் தனி நோட்டில் வைக்காமல் இரண்டுக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள்.