யார் ஆர்டர் குடுத்தது?

ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் 19 வருடம் இருந்தேன். ஷூவின் மேல்பாகத் துண்டுகளைத் தைத்து இணைக்கும் குளோசிங் செக்‌ஷனில் தையல் மெஷினில் உட்கார்ந்து தொடங்கி சூப்பர்வைசர் ஆனேன். கம்பெனியை மூடிய பிறகு வேலூர் காந்தி ரோட்டில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை கிடைத்தது. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் பங்களாதேஷ்காரர்கள்தான் எங்கள் அறைகளில் பாதியை நிரப்புவார்கள். பாஸ்போர்ட் நகல் எடுத்து, வெளிநாட்டவருக்கான சி ஃபாரம் போடுவது என் பொறுப்பு.

2010-ல் ஒரு பெரியவர் மனைவியை வைத்தியத்துக்கு அழைத்து வந்திருந்தார். என்ன தொழில் என்று கேட்டதற்கு, "டோங்கி பாட்டாவில் இருந்தேன், இப்போது ரிட்டையர்டு" என்றார். பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன். "நானும் ஷூதான் பாய்" என்றேன். கையை நீட்டினார். ஆள்காட்டி விரல் ஓரத்தில் தோல் வெட்டுகிற கத்தி பதிந்து பதிந்து ஏறிய காய்ப்பு. கிளிக்கிங் ஆள்.

அன்று இரவு கவுண்டரில் உட்கார்ந்து அவர் சொன்ன கதைதான் இது. அவருடைய வங்காள வாடை வீசும் இந்தியும், நான் கவுண்டரில் கற்ற இந்தியும் எப்படியோ ஒத்துப்போயின.

டாக்காவை ஒட்டிய டோங்கி பாட்டா தொழிற்சாலைக்கு 1970 கடைசியில் உற்பத்தி மேலாளராக வந்தவர் வில்லியம் ஓடர்லேண்ட். 1917-ல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர், பின்னாளில் ஆஸ்திரேலியக் குடிமகன். இளவயதில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுப் பிழைத்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் பிடிபட்டுத் தப்பி, நெதர்லாந்தின் ரகசிய எதிர்ப்புப் படையில் வேலை செய்தவர். பங்களாதேஷ் அப்போது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்தது. 1971 மார்ச் 25 இரவு பாகிஸ்தான் ராணுவம் டாக்காவில் கொலைவெறி ஆடியபோது அவருக்கு வயது 53. வெளிநாட்டுக் கம்பெனியின் பெரிய அதிகாரி. விமானம் ஏறிப் போயிருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அவர் போகவில்லை. நடந்த கொடுமைகளைப் படம் எடுத்து வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். ராணுவத் தளபதிகளோடு பழகி, அங்கே காதில் விழுந்ததை பங்களாதேஷ் விடுதலைக்குப் போராடிய முக்தி வாகினிப் படைக்குச் சொன்னார். பிறகு டோங்கி தொழிற்சாலைக்குள்ளேயே கெரில்லாக்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

இதைக் கேட்டதும் என் நினைவு எங்கள் கம்பெனிக்குள் போய்விட்டது. தோல் கட்டுகளை அடுக்கிய ஸ்டோரில் வாடைக்குப் பயந்து, அங்கே வேலை இல்லாதவர் எவரும் கால் வைக்க மாட்டார். ஹீல் அடிக்கும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. நைட் ஷிப்டில் யார் உள்ளே வந்தார், யார் போனார் என்பது கேட்டில் இருப்பவருக்கும் சூப்பர்வைசருக்கும் மட்டுமே தெரியும். ஒரு தொழிற்சாலை எதையெல்லாம் மறைக்கும் என்று உள்ளே வேலை செய்தவனுக்குத்தான் தெரியும். அதே சமயம், ஒரே ஒரு தொழிலாளி வாய் திறந்தாலும் கதை முடிந்துவிடும். ஓடர்லேண்டை நினைக்கும்போதெல்லாம் வாய் திறக்காத அந்தத் தொழிலாளர்களையும் சேர்த்தே நினைக்கிறேன்.

1973-ல் பங்களாதேஷ் அவருக்கு 'பீர் ப்ரதீக்' விருது கொடுத்தது. வீரத்துக்கான விருதுகளில் நான்காம் நிலை. அதைப் பெற்ற 426 பேரில் வெளிநாட்டுக்காரர் அவர் ஒருவர்தான். 2001-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் காலமானார். டாக்கா குல்ஷனில் ஒரு சாலைக்கு அவர் பெயர் இருக்கிறது.

எங்கள் லாட்ஜ் நைட் வாட்ச்மேன் கம்மவான்பேட்டைக்காரர். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போகும் ஊர். அவரும் 1971 பங்களாதேஷ் போரில் இந்திய ராணுவத்தோடு கிழக்கே போய்ச் சண்டை போட்டவர்தான். நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக் கதை முழுவதும் கேட்டார். பெரியவர் அவர் கையைப் பிடித்து, "நீங்களும் எங்களுக்காக வந்தவர்தானே" என்றார்.

வாட்ச்மேன் ஒத்துக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்து, "எனக்கு ஆர்டரு இருந்துச்சு சார். போன்னாங்க, போனேன். சம்பளம் வந்துச்சு. அந்தாளுக்கு யாரு ஆர்டரு குடுத்தது? அவரை என்னோட சேத்துச் சொல்லாதீங்க" என்றார்.

இதை மொழிபெயர்த்துச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பெரியவர் மறுப்பாகத் தலையை ஆட்டினாரே தவிர வாதாடவில்லை. இரண்டு பேர் சொல்வதும் சரி என்றுதான் எனக்கு இன்றும் படுகிறது. ஆணையின்றி வந்தவரைத் தனியாகக் கொண்டாட வேண்டும். ஆனால் ஆணையின் பேரில் வந்தவரும் அங்கே கொட்டியது சொந்த ரத்தம்தான்.

வேலூர் லாங் பஜாரில் ஒரு மணிக்கூண்டு இருக்கிறது. முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அதில் கல்வெட்டு. பெயர் ஒன்றுகூட இல்லை. பூ வாங்கப் போகும்போதெல்லாம் கண்ணில் படும். அந்த 14 பேர் எந்தத் தெருக்காரர்களோ என்ற வேதனை அன்றிலிருந்துதான் எனக்கு.

மூன்று வாரம் கழித்துப் பெரியவரும் மனைவியும் ஊருக்குக் கிளம்பினார்கள். காட்பாடியில் ரயில் பிடிக்க ஆட்டோ வந்து நின்றது. பெரியவர் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, முழுப் பெயரையும் ராணுவ எண்ணையும் கேட்டார். வாட்ச்மேன் விறைப்பாக நின்று எண்ணைத் தடங்கலில்லாமல் ஒப்பித்தார். மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் பெரியவர் அதை வங்காளத்தில் எழுதினார். பெயரில் இருந்த ழகரம் அவருக்குப் பிடிபடவில்லை. நான் மூன்று முறை உச்சரித்துக் காட்டினேன். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். பெரியவர் அடித்து அடித்துத் திருத்தி எழுதினார்.