எஃப் கார்டு பேசமாட்டேங்குதா?

சி ஸ்கேலில் பாட்டு எடுத்தால் எஃப் கார்டு (chord) வந்தே தீரும். டிசம்பர் நெருங்கும்போது மதுரைப் பக்கம் சர்ச் கொயரில் புதுசாக கிடார் பிடிக்கிறவர்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான். கையைக் குறை சொல்லும் முன் கிடாரைப் பாருங்கள்.

ஆறாவது ஸ்ட்ரிங்கை (இருப்பதிலேயே தடித்தது) இரண்டாம், மூன்றாம் ஃப்ரெட்டுக்கு நடுவில் அழுத்திப் பிடியுங்கள். முதல் ஃப்ரெட் கம்பிக்கு மேல் தலைமுடி அளவு இடைவெளி இருந்தால் போதும். விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தால் நட் (நெக் முனையில் ஸ்ட்ரிங்குகள் பள்ளத்தில் உட்காரும் பட்டை) உயரம். விலை குறைந்த கிடார்களில் இது சர்வசாதாரணம். ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுங்கள். பள்ளம் அதிகமாக அராவிவிட்டால் விரல் வைக்காத ஓப்பன் ஸ்ட்ரிங் இரையும். தடித்த 12-53 ஸ்ட்ரிங் செட் போட்டிருந்தால் மெல்லிய 10-47க்கு மாறலாம், சத்தம் கொஞ்சம் மெலியும். ஐப்பசி மழையில் மரம் ஈரம் குடித்து உப்பும், ஃப்ரெட்டுக்கு மேல் ஸ்ட்ரிங் நிற்கும் உயரம், அதாவது ஆக்‌ஷன் ஏறும். சித்திரையில் சுளுவாக வந்த எஃப் அப்போது கனப்பது அதனால்தான்.

இனி கை. முதல் ஃப்ரெட்டில் குறுக்கே படுக்கும் ஆள்காட்டி விரல் ஆறு ஸ்ட்ரிங்கையும் நசுக்க வேண்டியதில்லை. ஐந்தாவதையும் நாலாவதையும் மூன்றாம் ஃப்ரெட்டில் மோதிர விரலும் சுண்டு விரலும் பார்த்துக்கொள்ளும். மூன்றாவதை இரண்டாம் ஃப்ரெட்டில் நடுவிரல். மிச்சம் ஆறு, இரண்டு, ஒன்று மட்டும்தான். அதனால் விரலின் நடுப்பகுதி லேசாக வளைந்திருந்தாலும் தப்பில்லை.

விரலை ஃப்ரெட் கம்பியை ஒட்டி வைத்து, எலும்பு தட்டுப்படும் கட்டைவிரல் பக்கமாகக் கொஞ்சம் உருட்டுங்கள். ஒவ்வொரு ஸ்ட்ரிங்காகத் தட்டிப் பாருங்கள். முதல் ஸ்ட்ரிங்கோ இரண்டாவதோ சத்தம் வராமல் செத்துப்போனால் பெரும்பாலும் விரல் மடிப்பின் பள்ளத்தில் அது விழுந்திருக்கும். விரலை இரண்டு மில்லிமீட்டர் மேலோ கீழோ நகர்த்தினால் பேசும். நாலாவது மட்டும் மந்தமாக இருந்தால் சுண்டு விரல் நுனியில் நிற்காமல் சாய்ந்திருக்கிறது.

கட்டைவிரல் நெக்குக்குப் பின்னால், நடுவிரலுக்கு நேராக. அதன் அடிச்சதை வலித்தால் கிடுக்கி மாதிரி நெரிக்கிறீர்கள் என்று அர்த்தம். முழங்கையை உடம்போடு சேர்த்து, கை எடையால் பின்னோக்கி இழுங்கள். மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

முதல் ஃப்ரெட்டில் ஆரம்பிக்கவே வேண்டாம். 648 மி.மீ. ஸ்கேல் (நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை ஸ்ட்ரிங்கின் நீளம்) கிடாரில் முதல் ஃப்ரெட் 36 மி.மீ. அகலம், ஐந்தாவது 29. நட்டை விட்டுத் தள்ளியிருப்பதால் அழுத்தவும் லேசு. அங்கே இதே ஷேப் ஏ மேஜர். அது தெளிவாகக் கேட்டபின் ஒவ்வொரு ஃப்ரெட்டாக இறங்குங்கள்.

சியிலிருந்து எஃப்புக்குப் போகும்போது மோதிர விரலைத் தூக்காதீர்கள். இரண்டிலும் அது ஐந்தாவது ஸ்ட்ரிங், மூன்றாம் ஃப்ரெட்தான். நடுவிரல் நாலிலிருந்து மூன்றாவது ஸ்ட்ரிங்குக்கு இறங்க, நாலாவதில் சுண்டு விரல் வந்து உட்காரும், ஆள்காட்டி படுக்கும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வரவில்லையென்றால் தடித்த இரண்டு ஸ்ட்ரிங்கை (ஆறு, ஐந்து) விட்டுவிட்டு, மிச்சம் நாலில் சின்ன எஃப் வாசியுங்கள். கூட்டுப்பாட்டில் யாருக்கும் தெரியாது.