ஸ்மாஷ் களத்தில் ஆச்சிக்கு இடமுண்டா?

மே மாத விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த அத்தான் கொண்டுவந்திருந்த நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற விளையாட்டுக் கருவியை, பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுப் பட்டாசலில் இருக்கும் தொலைக்காட்சியோடு இணைத்த அன்று, நாங்கள் முதலில் செய்த காரியம் ஆச்சியின் முகத்தை உருவாக்கியதுதான். நரைத்த கொண்டை, வட்ட முகம், கண்ணாடி, கன்னத்துச் சுருக்கம், மூக்கின் ஓரத்து மச்சம் எல்லாம் கிடைத்தன. அந்த முகத்தைச் 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்' ஆட்டத்துக்குள் கொண்டுபோய்க் கையில் வாளைக் கொடுத்து, மரியோவுக்கு எதிரே நிறுத்தினோம். முறுக்கு சுட்டுக்கொண்டிருந்த ஆச்சி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று பார்த்தாள். "ஏட்டி, அது நானா?" என்றாள். ஆமாம் என்றதும், "காது மூளியா இருக்கே, பாம்படம் எங்கட்டி?" என்று கேட்டாள்.

அன்று இரவே அத்தானுக்கும் எனக்கும் வாக்குவாதம் தொடங்கியது. வெவ்வேறு ஆட்டங்களின் நாயகர்கள் ஒரே களத்தில் மோதும் இத்தகைய ஆட்டத்தில், நாமே முகம் செய்து சேர்க்கும் உருவத்துக்கு இடம் கொடுத்தது தவறு என்பது அத்தானின் கட்சி. மரியோ, லிங்க், பிகாச்சு, சோனிக் என்று ஒவ்வொருவருக்கும் பின்னால் பல பத்தாண்டு வரலாறு இருக்க, நாம் முகம் செய்யும், ஒரு வரலாறும் இல்லாத 'மீ' உருவங்களுக்கு 51, 52, 53 என்று மூன்று வரிசை எண்களைக் கொடுத்தது, வேறு மூன்று நாயகர்களின் இடத்தைப் பறித்ததற்குச் சமம் என்றார் அவர். பிற்சேர்க்கைகளையும் கூட்டி 89 பேர் நிற்கும் பட்டியல் அது. அத்தானுக்கு விருப்பமான ஒருவர் அதில் இல்லை என்ற ஏக்கம் அவர் வாதத்துக்கு உரம் சேர்த்தது. அந்த ஏக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனாலும் அவர் கட்சியை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த ஆட்டம் பிறந்த கதையே எனக்கு முதல் சான்று. 1999-இல் முதல் 'ஸ்மாஷ்' வெளிவருவதற்கு முன்னால், மசாஹிரோ சகுராய் வடிவமைக்க, பின்னாளில் நின்டெண்டோவின் தலைவரான சடோரு இவாட்டா நிரல் எழுத, இருவருமாக ஒரு முன்மாதிரியைச் செய்துபார்த்தார்கள். 'டிராகன் கிங்' என்று பெயரிடப்பட்ட அந்த முன்மாதிரியில் சண்டையிட்டவர்களுக்கு முகமும் இல்லை, தனி அடையாளமும் இல்லை; அசைவுகளைச் சோதிக்கும் வெறும் பொம்மைகள் அவர்கள். வீட்டில் அமர்ந்து ஆடும் ஒருவருக்கு முன்பின் தெரியாத உருவங்கள் மீது பற்று வருவது கடினம் என்று சகுராய் கருதியதால்தான், எல்லோருக்கும் தெரிந்த நின்டெண்டோ நாயகர்கள் அந்தப் பொம்மைகளின் இடத்துக்கு வந்தார்கள். அதாவது, பழகிய முகம் ஒன்று வேண்டும் என்ற தேவைதான் இந்தக் கலப்பு ஆட்டத்தையே உண்டாக்கியது. எங்கள் பட்டாசலில் ஆச்சியின் முகத்தைவிடப் பழகிய முகம் எது? மரியோ யார் என்று ஆச்சிக்குத் தெரியாது. எதிர்வீட்டுச் சிறு பிள்ளைகளுக்கு லிங்கைத் தெரியாது. ஆனால் ஆச்சி வாள் சுழற்றியபோது ஒருவர்கூட "இது யார்" என்று கேட்கவில்லை.

மீ உருவங்களுக்கு வரலாறு இல்லை என்பதும் சரியன்று. 2006-இல் நின்டெண்டோவின் வீ என்ற விளையாட்டுக் கருவியோடு (கன்சோலோடு) பிறந்தவை அவை. 'வீ ஸ்போர்ட்ஸ்' என்ற ஆட்டம், ஜப்பானுக்கு வெளியே பல நாடுகளில் கன்சோலுடனேயே சேர்த்துக் கொடுக்கப்பட்டதால், 8 கோடிக்கும் மேற்பட்ட படிகளாக உலகத்து வீடுகளுக்குள் நுழைந்தது. அதில் டென்னிஸ் ஆடியவர்களும் குத்துச்சண்டை போட்டவர்களும் மீ-க்கள்தாம். 2009-இல் வந்த 'வீ ஸ்போர்ட்ஸ் ரிசார்ட்'டில் அவை வாளேந்தியும் மோதின. நின்டெண்டோவின் வரலாற்றைச் சொல்லவந்த ஆட்டத்தில் மரியோவுக்கு உள்ள உரிமை இவர்களுக்கும் உண்டு. அதே பட்டியலில் நிற்கும் 'மிஸ்டர் கேம் அண்ட் வாட்ச்' 1980-இல் வந்த கையடக்க விளையாட்டுக் கருவியின் கருநிழல் உருவம். 'வீ ஃபிட் டிரெய்னர்' உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர். இவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி கதை எதுவும் இல்லை. இருந்தும் இவர்களை அத்தான் எதிர்க்கவில்லை.

இங்கே நம் ஊர்ச் செய்தி ஒன்றையும் சொல்ல வேண்டும். மீ உருவத்தின் வடிவம், கொக்கேஷி என்னும் ஜப்பானிய மரப்பாவையிலிருந்து கிடைத்த எண்ணம். ஜப்பானின் வடகிழக்குப் பகுதியில் கடைசல் பிடித்துச் செய்யப்படும் அந்தப் பாவைக்குக் கையும் காலும் கிடையாது. உருண்டைத் தலை, நேரான உடல், நாலைந்து தூரிகைக் கோட்டில் ஒரு முகம், அவ்வளவுதான். அம்பாசமுத்திரத்தில் கடைசல் பிடித்து அரக்குச் சாயம் ஏற்றிச் செய்யும் சொப்புச் சாமான்களை வைத்து விளையாடி வளர்ந்த எனக்கு, மீ முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் விரல் நுனியில் அந்த வழவழப்பு தட்டுப்படுகிறது. ஒரு சொப்புப் பானை எந்தச் சிறுமியின் கையில் இருக்கிறதோ அவள் வீட்டு அடுப்பங்கரைப் பானையாகவே ஆகிவிடும். மீ உருவமும் அப்படித்தான்; அதில் விவரம் குறைவாக இருப்பதால்தான் ஆச்சியும் அதற்குள் வர முடிகிறது.

அத்தானுக்கு இவ்வளவும் போதவில்லை. "தெய்வங்கள் நிற்கிற இடத்தில் நாம் போய் நிற்கலாமா?" என்று கேட்டார். குலசை தசராவை ஆண்டுதோறும் பார்க்கும் குடும்பத்தில் பிறந்துவிட்டு இப்படிக் கேட்கலாமா என்றுதான் எனக்குத் தோன்றியது. புரட்டாசியில் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயிலுக்கு மாலை போட்டுக் காப்புக் கட்டியவர்கள் காளியாக, ராஜாவாக, குரங்காக, கரடியாக, போலீசாக வேடம் புனைந்து ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி வந்து அம்மனுக்குச் செலுத்துகிறார்கள். யார் எந்த வேடம் போடுவது என்பது அவரவர் நேர்த்திக்கடன். டீக்கடை நடத்துகிறவர் காளியாக நிற்கும்போது யாரும் அவரிடம் வரலாறு கேட்பதில்லை. ஆனால் அந்த வேடத்துக்கு விரதம் உண்டு, முறை உண்டு. காளி வேடக்காரர் நாட்கணக்காக நோன்பிருந்த பிறகே சடைமுடியைத் தலையில் ஏற்றுகிறார். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் மகிஷாசுரனை வதம் செய்பவள் முத்தாரம்மன்தான். வேடக்காரர்கள் சுற்றி நிற்கிறார்கள். தெய்வமும் வேடக்காரரும் ஒரே மணலில் நிற்க முடிகிறது, முறை இருக்கும்வரை.

என் வாதத்தின் கருவும் இந்த முறையில்தான் இருக்கிறது. ஆட்டக்காரர் செய்யும் உருவத்தில் எது அவருடையது, எது ஆட்டத்துடையது என்ற எல்லை தெளிவாக இருந்தால் அவ்வுருவம் பட்டியலில் இடம்பெறத் தகுதி உடையது. அந்த எல்லை கலைந்தால் அது சண்டையையே கெடுத்துவிடும். 2014-இல் நின்டெண்டோவின் 3டிஎஸ், வீ யு ஆகிய கருவிகளுக்கு வந்த ஸ்மாஷ் பதிப்புகளில் மீ-க்கள் முதன்முதலாகச் சண்டைக்காரர்களாயின. (அவ்வாண்டு ஜூனில் இ3 என்ற விளையாட்டுக் கண்காட்சியையொட்டி வந்த அறிவிப்பில், இவாட்டாவும் அமெரிக்கக் கிளையின் தலைவரான ரெஜி ஃபில்ஸ் எமேயும் மோதிக்கொள்வதாகக் காட்டி அச்செய்தியை வெளியிட்டார்கள். மறு ஆண்டே இவாட்டா மறைந்துவிட்டார் என்பதால், அந்தக் காட்சியை இன்று பார்க்கும்போது மனம் கனக்கிறது.) அந்தப் பதிப்புகளில் மீ-யின் உயரமும் பருமனும் சண்டையைப் பாதித்தன. குள்ளமான, மெலிந்த உருவம் விரைவாக ஓடியது. நெடிய, பருத்த உருவம் பலமாக அடித்தது. சண்டைக்கலை ஆட்டம் ஒன்றில் எதிராளியின் கை எவ்வளவு தூரம் எட்டும் என்பதை மனத்தால் அளந்துகொண்டே ஆடுகிறோம். சிலம்பம் ஆடுகிறவர் எதிரே இருப்பவரின் கம்பு நீளத்தைக் கண்ணால் அளப்பது போன்றது அது. ஆளுக்கு ஆள் நீளம் மாறும் உருவத்தின் முன்னால் அந்தக் கணக்கு தகர்ந்துபோகிறது. போட்டி நடத்தியவர்கள் மீ-க்களை எந்த அளவில், எந்த நகர்வுகளோடு அனுமதிப்பது என்று மாய்ந்து மாய்ந்து விவாதித்தது இதனால்தான்.

2018 டிசம்பரில் வந்த 'அல்டிமேட்' இந்தக் கோளாறைத் திருத்தியது. எந்த முகம் வைத்தாலும் கையால் அடிக்கும் பிராலர், வாளேந்தும் ஸ்வோர்ட்ஃபைட்டர், சுடும் கன்னர் ஆகிய மூன்று மீ-க்களின் உடல் அளவும் எடையும் இப்போது மாறுவதில்லை. தேர்வு நகர்வுகளில் மட்டும்தான் இருக்கிறது: நான்கு சிறப்பு நகர்வுகள் ஒவ்வொன்றுக்கும் மூன்று மாற்றுகள், ஆக ஒருவருக்கு 81 விதச் சேர்க்கைகள். ஆடுகிறவர்கள் அவற்றை நான்கு இலக்க எண்ணால் குறிக்கிறார்கள். எங்கள் ஆச்சியின் எண் 1313. எறிந்தால் காற்றில் நின்று சுழலும் சக்கரம் அதில் உண்டு. முறுக்கு பிழிவதுபோல் இருக்கிறது என்று ஆச்சியே அதைத் தேர்ந்தெடுத்தாள். முகம் ஆச்சியுடையது, தேர்வும் அவளுடையது, கை வீச்சு மட்டும் ஆட்டத்துடையது. எதிரே நிற்பவர் மூன்று உடல்களைப் படித்துக்கொண்டால் போதும். மூன்று எண்கள் வீண் என்ற அத்தானின் குறைக்கும் இதுவே பதில்: ஓடும் வேகமும் அடிக்கும் தூரமும் வேறுவேறான மூன்று தனித்தனிச் சண்டைக்காரர்கள் அவர்கள்.

மற்ற ஆட்டங்களோடு ஒப்பிட்டால் இதன் அருமை தெரியும். 2019-இல் வந்த 'ஜம்ப் ஃபோர்ஸ்', ஜப்பானியச் சித்திரக்கதை நாயகர்களான கோக்குவும் நருட்டோவும் லூஃபியும் சந்திக்கும் கதையின் நடுவே ஆட்டக்காரரின் உருவத்தையே நாயகனாக்கியது. அந்த உருவத்துக்கென்று சொந்த வித்தை எதுவும் இல்லை. பிற நாயகர்களின் வித்தைகளை வாங்கி அணிந்துகொண்டு அவர்களிடையே நிற்கிறது. இரவல் நகை போட்டுக்கொண்டு கலியாண வீட்டில் நிற்பவரின் கூச்சம் அதன் ஒவ்வொரு காட்சியிலும் எனக்குத் தெரிந்தது. ஆட்டக்காரரின் உருவம் வேண்டாம் என்பவர்கள் அதை எடுத்துக்காட்டினால் நான் மறுக்க மாட்டேன். 2023-இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6' வேறு வழியில் போயிற்று. உடலை எப்படி வேண்டுமானாலும் நீட்டிக் குறுக்கிக்கொள்ள விட்டது. ஆனால் அந்த உருவங்கள் உலாவவும் மோதவும் தனி இடத்தை ஒதுக்கி, தரவரிசைச் சண்டைக்குள் அவற்றை விடவில்லை. அதுவும் ஒரு முறைதான். ஆயினும் கூடத்தில் ஒரு பந்தியும் திண்ணையில் ஒரு பந்தியும் போட்டதுபோல் இருக்கிறது. எனக்கு அல்டிமேட் போட்ட ஒரே பந்தி பிடித்திருக்கிறது.

பட்டியலில் இல்லாத நாயகர்களின் உடையை மீ-க்களுக்கு விற்ற வழக்கத்தைப் பற்றி எனக்கு மனக்குறை உண்டு. 2019 செப்டம்பரில் 'அண்டர்டேல்' ஆட்டத்தின் பாத்திரமான சான்ஸ், கன்னருக்கான உடையாக, அதற்குரிய இசையோடு வந்தபோது பலர் மகிழ்ந்தார்கள். அதே வழியில் 'சூப்பர் மரியோ ஆர்பிஜி'யின் ஜீனோ உடையாக மட்டும் வந்தபோது, பல ஆண்டுகளாக அவனைச் சண்டைக்காரனாக எதிர்பார்த்திருந்தவர்கள் நொந்துபோனார்கள். அத்தானின் ஏக்கமும் இவ்வகையைச் சேர்ந்ததே. உடை வந்துவிட்டால் ஆள் வரமாட்டார் என்ற நிலை, மீ-க்களை ஆறுதல் பரிசு ஆக்கிவிட்டது. நம் முகத்துக்காகப் போட்ட இருக்கையில் வராதவரின் சட்டையை மாட்டிவைத்தது தயாரித்தவர்களின் முடிவு. அதற்காக மீ-க்களை வெறுப்பது நியாயமாகாது.

இவை எல்லாவற்றையும்விட என்னை உண்மையில் தயங்கவைத்தது வேறொன்று. 2008-இல் வந்த ஸ்மாஷின் 'பிரால்' பதிப்பில் மீ-க்கள் சண்டைக்காரர்களாகச் சேராததற்கு, ஒருவரின் முகத்தைச் செய்து அடித்துத் துன்புறுத்தும் கேலிக்கு அது வழிவகுக்கும் என்ற கவலையும் காரணமாக இருந்ததாகச் சகுராய் கூறியிருக்கிறார். முதலில் படித்தபோது மிகையான அச்சமாகவே தோன்றியது. ஆட்டம் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாரத்தில், தெருப் பையன்கள் இருவர், திக்கிப் பேசும் ஒரு சிறுவனின் முகத்தை அச்சாகச் செய்து கணினியிடம் ஆடக் கொடுத்துவிட்டு, இருவரும் சேர்ந்து அதை அடித்தார்கள். அந்தச் சிறுவனும் எங்களோடு அங்கேயே உட்கார்ந்திருந்தான். முதலில் சிரித்தான். பிறகு சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே எழுந்துபோனான். மரியோவை அடித்தால் யாருக்கும் வலிப்பதில்லை. முகம் நம்முடையதானால் வலியும் நம்முடையதாகிறது என்பதை அன்றுதான் கண்கூடாகப் பார்த்தேன்.

அதற்காக உருவத்தையே நீக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒருவரின் முகத்தை அவர் சம்மதமின்றிச் செய்யக்கூடாது, செய்த முகத்தை அவர்தான் முதலில் ஆட வேண்டும் என்று வீட்டில் வழக்கம் ஏற்படுத்தினோம். அந்தச் சிறுவன் மறுவாரம் வந்து, தன் முகத்தைத் தானே திருத்திப் புருவத்தை ஏற்றிவைத்து, கன்னராக ஆடினான். ஐந்து ஆட்டங்களில் நான்கில் அத்தானைக் களத்துக்கு வெளியே தூக்கி எறிந்தான். அவன் முகத்தை அத்தான் இன்றுவரை அழிக்கவில்லை.

ஆச்சியின் காது இன்னும் மூளியாகவே இருக்கிறது. அடுத்த பதிப்பு எப்போது வந்தாலும், முகம் செய்யும் பக்கத்தில் காதணிக்கென்று ஒரு வரிசை சேர்க்க வேண்டும் என்பது என் விருப்பம். பாம்படம் இருக்காது என்று தெரியும். தொங்குவதுபோல் ஏதாவது ஒன்று இருந்தால்கூட ஆச்சிக்குப் போதும்.