மெடாலியனை எப்போது அழுத்துவது: ஒரு பழைய பிரீஸ்ட்டின் அரீனா நோட்டு

நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: "ஆட்டம் 1. செத்தேன். எப்படி என்று தெரியவில்லை." ஆட்டம் 2, 3, 4 எல்லாவற்றுக்கும் கீழே "மேற்படி" என்று போட்டிருக்கிறேன். நடுவில் விட்டுப்போன வருடங்களையும் சேர்த்து பதினாறு வருடமாக வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்கிற ஆன்லைன் கேமில் மனிதர்களோடு சண்டை போட்டவன் எழுதுகிற வரியா இது என்று அப்புறம் எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் கிழிக்கவில்லை.

பிவிபிக்குள், அதாவது ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் மோதும் சண்டைக்குள், நான் வந்தது 2005 தொடக்கத்தில், ஆட்டம் வெளிவந்து சில மாதம் ஆனபோது. அப்போது கொல்வதற்குப் பரிசும் கிடையாது, கணக்கும் கிடையாது. ஆட்டத்தில் ஹோர்டு, அலையன்ஸ் என்று இரண்டு பக்கம். ஹில்ஸ்பிராட் பகுதியில் ஹோர்டின் டாரன் மில்லும் அலையன்ஸின் சவுத்ஷோரும் கூப்பிடு தூரத்தில் இருக்கும். சும்மா போகிற ஒருவனை யாராவது அடிப்பான், செத்தவன் தன் கில்டில் (ஆட்டக்காரர் குழுவில்) போய்ச் சொல்வான், பத்துப் பேர் வருவார்கள், அதைப் பார்த்து அந்தப் பக்கம் இருபது பேர் வருவார்கள், அரை மணி நேரத்தில் இரண்டு ஊருக்கும் நடுவே எலும்புக்கூடாகக் கிடக்கும். சர்வர் திணறும். நான் பிரீஸ்ட், மற்றவர்களுக்கு உயிர் ஏற்றுகிறவன். நான் அழுத்திய ஹீல் மூன்று நொடி கழித்துப் போய்ச் சேரும்போது அந்த ஆள் தரையில் இருப்பான். யாரும் ஜெயித்ததாக எனக்கு நினைவில்லை, தூக்கம் வந்தவர்கள் போனார்கள், அவ்வளவுதான்.

2005 ஏப்ரலில் ஹானர் என்கிற தரவரிசை முறை வந்தது. கொன்றால் புள்ளி, வாரக் கடைசியில் உன் சர்வரில் உன் பக்கத்து ஆட்களோடு ஒப்பிட்டு உனக்கொரு படி. மொத்தம் 14 படிகள், உச்சியில் ஹோர்டுக்கு ஹை வார்லார்ட், அலையன்ஸுக்கு கிராண்ட் மார்ஷல். ஒரு வாரம் ஆடாமல் விட்டால் ஏறியது சறுக்கும். திறமையைவிடத் தூக்கத்தை யார் அதிகம் விடுகிறார்கள் என்கிற போட்டியாகத்தான் அது எனக்குப் பட்டது. எங்கள் கில்டில் ஒருவர் தன் தம்பியோடு ஷிஃப்ட் போட்டு ஒரே கணக்கை இரவும் பகலும் ஓட்டினார். நான் எட்டாம் படியோடு கும்பிடு போட்டுவிட்டேன். ஜூனில் வார்சாங் கல்ச், ஆல்டராக் வேலி என்கிற தனிப் போர்க்களங்கள் திறந்ததும் ஹில்ஸ்பிராட் வெளி காலியாகிவிட்டது, எனக்கு அது இன்றைக்கும் கொஞ்சம் வருத்தம்தான். ஆல்டராக்கில் 40 பேருக்கு 40 பேர், எதிரித் தளபதி செத்தால்தான் முடிவு. சாப்பிட்டுவிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்து வந்து வரிசையில் நின்றாலும் அதே ஆட்டத்துக்குள் நுழையலாம்.

அந்தக் கூட்டங்களில் நான் நல்ல ஹீலர் என்று பேர் வாங்கியிருந்தேன். அதை நம்பியும் இருந்தேன். நாற்பது பேரில் நான் செத்தால் யாருக்குத் தெரியும், எழுந்து ஓடி வந்துவிடலாம். 2007 ஜனவரியில் பர்னிங் குருசேட் என்கிற விரிவாக்கத்தோடு அரீனா, அதாவது சிறு டீம்கள் மோதும் களம், வந்தபோதும் ஐந்து பேர் டீமில்தான் ஒட்டிக்கொண்டேன். வாரம் 10 ஆட்டம் ஆடினால் புள்ளி, மற்ற நான்கு பேரும் கெட்டிக்காரர்கள், வண்டி ஓடியது. பிறகு வேலை, குடும்பம் என்று எல்லாம் போய்விட்டது.

2021 ஜூனில் பர்னிங் குருசேட் கிளாசிக்காக, பழைய வடிவிலேயே, திரும்பி வந்தபோது பழைய கில்ட் நண்பன் ஒருவன், ரோக் (மறைந்திருந்து கத்தியால் தாக்கும் பாத்திரம்) ஆடுகிறவன், "டேய், இந்தத் தடவை ரெண்டு பேர் அரீனா போடுவோம், ஒழுங்கா ஆடுவோம்" என்றான். சரி என்றேன். ரெண்டு பேர் என்றால் என்ன அர்த்தம் என்று அப்போது யோசிக்கவில்லை. ஒளிந்துகொள்ளக் கூட்டம் கிடையாது, ஒருத்தன் செத்தால் ஆட்டம் ஏறக்குறைய முடிந்தது. அந்த ஒருத்தன் பெரும்பாலும் நான். முதல் வாரம் ரெசிலியன்ஸ் (மற்ற ஆட்டக்காரர்களின் அடியைத் தாங்கும் தன்மை) சரியாக இல்லாத கியரோடு போனேன் என்பதால் பழியைக் கியர் மேல் போட முடிந்தது, அடுத்த வாரங்களில் அதுவும் முடியவில்லை. நோட்டுப் போடச் சொன்னது அவன்தான். கொஞ்சம் கேலியாகத்தான் சொன்னான்.

வெறும் "செத்தேன்" என்று எழுதி ஒரு பயனும் இல்லை என்று பத்தாவது ஆட்டத்தில் புரிந்தது. அதன்பின் ஒவ்வொரு சாவுக்கும் மூன்று விஷயம் குறித்தேன்: சாகும்போது என் மேல் என்ன இருந்தது, என் கையில் என்ன மிச்சம் இருந்தது, எதிரி கையில் என்ன மிச்சம். மூன்றாவதை ஆட்டம் முடிந்த அடுத்த நிமிடமே எழுதவேண்டும். வீடியோவும் பதிவு செய்தேன், ஆனால் தோற்ற ஆட்டத்தைத் திரும்பப் பார்க்கிற மனசு வாரத்துக்கு ஒரு நாள்தான் வரும். நோட்டுதான் கைகொடுத்தது. 60 ஆட்டம் ஆனதும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். 38 தோல்வி. அதில் 27-இல் நான்தான் முதலில் சாகிறேன். அந்த 27-இல் 21 தடவை மெடாலியனை முதல் ஐந்து நொடிக்குள் செலவழித்திருக்கிறேன்.

ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். மெடாலியன் என்பது உன்னைக் கட்டிப்போட்டிருக்கும் எதையும் ஒரே அழுத்தில் அறுத்துவிடும் டிரிங்கெட் (அணிந்துகொள்ளும் ஒரு சிறு பொருள்), ஒருமுறை அழுத்தினால் மறுபடி 2 நிமிடம் கழித்துத்தான் கிடைக்கும். எதிரி ரோக் மறைவிலிருந்து வந்து முதலில் போடுவது சீப் ஷாட், 4 நொடி ஸ்டன். நாலு நொடிதான், ஆனால் கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்து எதுவும் செய்ய முடியாமல் உயிர்க்கோடு இறங்குவதைப் பார்க்கிறவனுக்கு அது ரொம்ப நீளம். விரல் தானாகப் போய் அழுத்திவிடும். அவனுக்கு வேண்டியதும் அதுதான். அந்த நாலு நொடியில் வெட்டிச் சேர்த்த புள்ளியை வைத்து அடுத்து கிட்னி ஷாட் போடுவான், ஐந்து புள்ளி இருந்தால் 6 நொடி. ஒரே வகைக் கட்டைத் திரும்பத் திரும்பப் போட்டால் இரண்டாவது பாதியாகவும் மூன்றாவது கால்வாசியாகவும் சுருங்கும், நான்காவது ஒட்டவே ஒட்டாது என்று ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. ஆனால் பர்னிங் குருசேடில் சீப் ஷாட்டும் கிட்னி ஷாட்டும் வேறு வேறு கணக்கு. அதனால் ஆறு நொடியும் முழுசாக விழும். மெடாலியன் போயிருக்கும். கத்தியில் இருக்கிற வூண்ட் பாய்சன் ஐந்து அடுக்கு ஏறியிருந்தால் என் ஹீல் பாதியாகியிருக்கும். அப்புறம் நோட்டுதான்.

நண்பனோடு பேசிக்கொண்டுதான் ஆடுவோம். அந்த நாட்களின் பதிவில் திரும்பத் திரும்ப இதுதான் கேட்கிறது.

"மெடாலியன் இருக்கா?"

"இல்லடா."

"அதுக்குள்ளயா? இப்பதானடா கேட் திறந்துச்சு."

தெரிந்த விஷயம்தான், 2007-லேயே யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். தெரிவது வேறு, அந்த நாலு நொடி விரலைத் தூக்கி வைத்திருப்பது வேறு. நான் செய்தது ரொம்ப முட்டாள்தனமான வேலை: மெடாலியனை ஈஸியான பட்டனிலிருந்து எடுத்து, கையை நகர்த்தினால்தான் எட்டும் ஒரு மூலைக்கு மாற்றினேன். இரண்டு வாரம் அதனாலேயே சில ஆட்டம் தோற்றோம், உண்மையாகவே தேவைப்பட்டபோது விரல் தடவிக்கொண்டிருந்தது. ஆனால் பதற்றத்தில் அழுத்துவது நின்றது. அப்புறம் பழைய இடத்துக்கே மாற்றிவிட்டேன். சீப் ஷாட் விழும், நான் "ஒண்ணு, ரெண்டு" என்று வாய்விட்டு எண்ணுவேன், கேட்கிறவனுக்குச் சிரிப்பாக இருக்குமாம். கிட்னி விழுந்ததும் உடைத்து, பக்கத்திலேயே நிற்கிறவன் மேல் சைக்கிக் ஸ்க்ரீம் போட்டால் அவன் பயந்து ஓடுவான், அதிகபட்சம் 8 நொடி. அந்த எட்டு நொடியில் ஒரு பிரீஸ்ட் செத்த உடம்பை எழுப்புகிற அளவுக்கு ஹீல் போடலாம்.

இதற்குப் பின் பொய் மந்திரம். நான் மந்திரம் போட்டுக்கொண்டிருக்கும்போது ரோக்கின் கிக் விழுந்தால் அந்த வகை மந்திரம் முழுவதும் 5 நொடி பூட்டிக்கொள்ளும், அவனுக்கு 10 நொடிக்கு ஒரு கிக் கிடைக்கும். என் ஹீல், டிஸ்பெல் (ஆள் மேல் விழுந்த மந்திரத்தை நீக்குவது), ஷீல்டு எல்லாம் ஹோலி வகை, மானா பர்ன் (எதிரியின் மந்திர சக்தியை எரிப்பது) ஷேடோ. அதனால் ரோக் ஒட்டிக்கொண்டு நிற்கும்போது ஹீலை ஆரம்பித்து கால்வாசியில் நிறுத்திவிடுவேன். அவன் கிக் வீணாகப் போனால் நிம்மதியாக நிஜ ஹீல். இன்னும் நல்லது, மானா பர்னை ஆரம்பித்து நிறுத்தாமலே விடுவது: அவன் கிக் விட்டால் ஷேடோதான் பூட்டும், ஹோலி திறந்தே இருக்கும். கிக்குக்கு பயந்துகொண்டிருந்த நான் கிக்கைத் தேடிப் போக ஆரம்பித்தது அங்கேதான். ஹோர்டின் தலைநகரான ஆர்க்ரிமர் வாசலில் நண்பனையே எதிரியாக நிறுத்தி தினம் பத்து டூயல் வீதம் இதை மட்டும் பழகினேன். அவன் கடுப்பாகி கிக் பட்டனையே தொடாமல் நிற்பான்.

அதிலும் ஒரு பாடம் இருந்தது என்பது தாமதமாகத்தான் உறைத்தது. கீழ் ரேட்டிங்கில் பலர் கிக் பண்ணவே மாட்டார்கள். கிக் வராத ஆளிடம் நான் மூன்று தடவை பொய் ஹீல் போட்டு ஏமாற்றிக்கொண்டிருக்கும்போது என் நண்பன் செத்துப்போயிருப்பான். "அவன் சும்மாதான்டா நிக்கிறான், நீ யாரை ஏமாத்துற?" என்றான். அதனால் இப்போது முதல் ஹீலை ஏமாற்றாமல் போட்டுப் பார்த்து, கிக் வருகிறதா, வந்தால் ஆரம்பத்தில் வருகிறதா கடைசியில் வருகிறதா என்று ஆளை எடை போட்டுவிட்டுத்தான் மற்றது.

தூண் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. நாக்ராண்ட் அரீனாவில் நான்கு தூண் இருக்கிறது. மந்திரம் ஆரம்பிக்கும்போதும் முடியும்போதும் இலக்கு கண்ணில் படவேண்டும், எனவே மேஜ் (மந்திரவாதி) ஆளை ஆடாக மாற்றும் பாலிமார்ஃப் போட ஆரம்பித்த ஒன்றரை நொடியில் ஒரு எட்டு வைத்து தூணுக்குப் பின்னால் போய்விட்டால் அது விழாது. என் பழைய வியாதி, பின்னோக்கி நடப்பது. பின்னால் நடந்தால் வேகம் குறையும், ஓடுகிறவன் பிடித்துவிடுவான். மவுஸால் திரும்பி முகம் கொடுத்து ஓட வேண்டும். 2005-லிருந்து ஊறிய பழக்கம் என்பதால் மாற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது, கடைசியில் பின்னால் போகும் பட்டனையே எடுத்துவிட்டேன். கூட்டத்தில் ஆடியபோது யாரும் இதைச் சொல்லவில்லை, நாற்பது பேர் ஓடுகிற இடத்தில் யார் எப்படி நடக்கிறான் என்று யார் பார்ப்பார்கள்.

செய்து பார்த்து விட்டதும் உண்டு. எதிரியின் டிரிங்கெட், கூல்டவுன் (மறுபடி அழுத்தக் காத்திருக்கும் நேரம்) எல்லாவற்றையும் திரையில் காட்டும் ஆடான்களில் (துணை மென்பொருள்களில்) மூன்றை ஒன்றாகப் போட்டேன், திரை திருவிழாத் தோரணம் மாதிரி ஆனது. நான் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ரோக் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது எதிரியின் டிரிங்கெட் போனதை மட்டும் காட்டுகிற ஒன்று போதும். மற்றதை, ரோக் மறைவது, கண்ணைக் கட்டுவது போன்ற தந்திரங்களை, வாயால் சொல்லிக்கொள்கிறோம். "வானிஷ் போச்சு", "பிளைண்ட் இருக்கு". நோட்டின் மூன்றாவது பத்தி, எதிரி கையில் மிச்சம் என்ன என்பது, ஆரம்பத்தில் பெரும்பாலும் கேள்விக்குறியாக இருக்கும். 150-ஆவது ஆட்டத்துக்குப் பிறகு நிரம்ப ஆரம்பித்திருக்கிறது. ரேட்டிங்கும் அங்கேதான் அசைந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, கிளாடியேட்டர் (அரீனாவின் உச்சப் பட்டம்) கனவெல்லாம் காணவில்லை, ஆனால் வாரத்தில் பாதிக்கு மேல் ஜெயிக்கிறோம்.

வெளியே தனியாகக் குவெஸ்ட் செய்கிறவனைக் கும்பலாகக் கேங்க் பண்ணுவதை இப்போது விட்டுவிட்டேன். நல்லவனாகிவிட்டேன் என்று அர்த்தமில்லை. அந்த ஆளிடம் மெடாலியன் இருந்ததா என்றுகூடப் பார்க்காமல் முடிந்துவிடுகிறது, நோட்டில் எழுத ஒன்றும் கிடைப்பதில்லை.

நேற்று ஆட்டம் 214. ரோக்கும் மேஜும், நாக்ராண்ட். கேட் திறந்து இருபது நொடியில் நண்பன் செம்மறி ஆடாகிவிட்டான், என் மேல் சீப் ஷாட். எண்ணினேன். கிட்னி விழுந்தது, உடைத்தேன், ஸ்க்ரீம், தூணுக்குப் பின்னால் போய் ஷீல்டு, ஹீல், எட்டிப் பார்த்து நண்பனுடைய ஆட்டுத் தோலை டிஸ்பெல் செய்தேன். மேஜ் செத்தான். அதற்கு அடுத்த ஆட்டம் வாரியர், ட்ரூயிட். வாரியரின் மார்ட்டல் ஸ்ட்ரைக் பட்டு என் ஹீல் பாதியாகிவிடுகிறது, மானா பர்ன் போடலாம் என்றால் ட்ரூயிட் உருவம் மாறி மாறித் தூணைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கிறான். ஒன்பது தடவை மாட்டியிருக்கிறோம், ஒன்பதும் தோல்வி. அவர்களுக்கென்று நோட்டில் தனியாக இரண்டு பக்கம் விட்டிருக்கிறேன், இதுவரை அதில் எழுதியிருப்பது "வாரியர் சார்ஜ் பண்ணும் முன் தூண்?" என்கிற ஒரே வரி, கேள்விக்குறியோடு.