எந்த வீட்டு பில், எந்தப் பள்ளிக்கூடம்

அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் இனப் பாகுபாடு என்று பேச்சு வந்தால் நம்மவர்கள் இனவாரியாகப் பள்ளிகளைப் பிரிப்பது செல்லாது என்று 1954இல் வந்த பிரவுன் தீர்ப்பைச் சொல்லி, அதோடு எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி முடித்துவிடுகிறார்கள். இங்கே தென்னாப்பிரிக்காவில், நம் டர்பனில், நிறவெறி ஆட்சி முடிந்த 1994ஐ வைத்து அதே பேச்சு. எனக்கென்னவோ பிரவுனுக்கு இருபது வருடம் கழித்து வந்த இரண்டு தீர்ப்புகள்தான் பெரிசாகப் படுகின்றன.

முதலாவது 1973. டெக்சாஸில் சான் அன்டோனியோ பகுதியில் எட்ஜ்வுட், அலமோ ஹைட்ஸ் என்று இரண்டு பள்ளி மாவட்டங்கள், அதாவது பள்ளிகளைத் தனித்தனியாக நடத்தும் உள்ளூர் நிர்வாகப் பகுதிகள்; முதலாவதில் பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளியினர், மற்றதில் வெள்ளையர். உள்ளூரில் பள்ளிக்கான பணம் சொத்து வரியிலிருந்துதான் வரும். எட்ஜ்வுட்காரர்கள் கட்டிய வரி விகிதம் கூடுதல், ஆனால் வீடுகளுக்கு மதிப்பே கிடையாது, அதனால் அறுபதுகளின் கடைசியில் பிள்ளைக்கு 26 டாலர்தான் தேறியது. அலமோ ஹைட்ஸில் குறைந்த விகிதத்திலேயே 333 டாலர்! உச்ச நீதிமன்றம் 5-4 கணக்கில், இது அரசியல் சாசனத்துக்கு விரோதமில்லை என்றது. அடுத்த வருடம் டெட்ராய்ட். நகரத்தில் பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள், புறநகரில் வெள்ளைப் பிள்ளைகள், மாவட்ட எல்லை தாண்டி பஸ்ஸில் அனுப்பிக் கலக்கலாமா? புறநகர் மாவட்டங்களின் தப்பு நிரூபணமாகவில்லை, ஆகவே கூடாது. அதுவும் 5-4. பிரவுன் வழக்கை வாதாடி ஜெயித்த தர்குட் மார்ஷல் அப்போது அதே நீதிமன்றத்தில் நீதிபதி. இரண்டு தடவையும் தோற்ற பக்கம்தான்.

நிறம் கேட்பது நின்றது, முகவரி கேட்பது நிற்கவில்லை. அந்த முகவரி எப்படி வந்தது என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம், டர்பனில் நம் இந்திய ஆட்களை மேகஸின் பாரக்ஸிலிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும் கிளப்பி சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போட்டது, ஆப்பிரிக்கர்களைப் பக்கத்திலேயே உம்லாசியில். இன்றைக்கும் அட்மிஷன் சமயம் வந்தால் முகவரிச் சான்றாகக் காட்ட பெரியம்மாவின் லைட் பில்லை ஒரு காப்பி எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு, வெள்ளையர் பகுதியாக இருந்த இடத்தில் பெரியம்மா வீடு இருந்தால். இதே காரியத்துக்காக ஓஹாயோவில் 2011இல் ஒரு கறுப்பினத் தாய் ஜெயிலுக்கே போனார். அவர் காட்டியது அப்பா வீட்டு முகவரி.

சரி, நம் வீட்டுக்குள் வருவோம். தென்னாப்பிரிக்காவின் 1996 பள்ளிச் சட்டப்படி, ஃபீஸ் வாங்கும் அரசுப் பள்ளிகளில் அதை முடிவு செய்வது பட்ஜெட் கூட்டத்துக்கு வந்திருக்கிற பெற்றோரில் பெரும்பான்மை. வராதவர்களுக்குக் கணக்கில்லை. அந்தப் பணத்தில்தான் கவர்னிங் பாடி, அதாவது பள்ளியின் நிர்வாகக் குழு, கூடுதல் ஆசிரியர்களை வைக்கிறது. எங்கள் பள்ளியில் பாதிக்கு மேல் பிள்ளைகள் விடியலில் டாக்சி (பலர் சேர்ந்து போகும் வேன்) பிடித்து உம்லாசியிலிருந்து வருகிறவர்கள். மேடையிலோ நாயுடு, பிள்ளை, கோவிந்தர். ஒருத்தர் எழுந்து "அந்தப் பெற்றோருக்கு அக்கறையே இல்லை, ஒருத்தர்கூட வரவில்லை பாருங்கள்" என்றார். கூட்டம் ராத்திரி ஏழு மணிக்கு! முடிந்து போக டாக்சிக்கு எங்கே போவார்கள்?

அமெரிக்காவிலும் பல ஊர்களில் ஸ்கூல் போர்டு தேர்தலைப் பொதுத்தேர்தலோடு வைக்காமல் தனியாக ஒரு நாளில் வைக்கிறார்கள், ஓட்டுப்போட வருகிறவர்கள் கொஞ்சம் பேர், அவர்களில் அந்தப் பள்ளிகளில் பிள்ளைகள் இல்லாதவர்களே நிறைய.

அடுத்த கூட்டத்தைச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். கோயிலில் கல்யாணம் இருக்கிறதாம், பார்க்கலாம் என்கிறார்கள்.