இடப்பக்கம் மனம், வலப்பக்கம் ஆதாரம்

போட்டித் தேர்வொன்றில் இருமுறை தோற்று, மூன்றாம் முறைக்குத் தயாரான ஆண்டில், பாடங்களைவிட என்னை அதிகம் களைப்படையச் செய்தது "உனக்கு இது வராது" என்று நாள்தோறும் எனக்குள் எழுந்த முணுமுணுப்புதான். முதலில் அதை விரட்டப் பார்த்தேன். எதிர்மறையாக எதையும் நினைக்கக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டினேன்; அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் நினைக்கக் கூடாததே முந்திக்கொண்டு வந்தது. உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளைக் கரடியை நினைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்பட்டவர்கள் 5 நிமிடம்கூட அதை ஒதுக்கிவைக்க முடியாமல் திணறியதைப் பின்னாளில் படித்தபோது, என் சுவர்த்தாளை எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

பயன் தந்தது வேறொன்று. நோட்டுப் புத்தகத்தின் பக்கத்தை நடுவே கோடிட்டு, இடப்பக்கம் மனம் சொன்னதை அதே சொற்களிலும், வலப்பக்கம் அதற்கு உள்ள ஆதாரத்தையும் எழுதினேன். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றியதால் யாரிடமும் காட்டவில்லை. "கணக்கில் நான் பூஜ்யம்" என்று எழுதிவிட்டுக் கடைசி மாதிரித் தேர்வின் விடைகளை எண்ணியபோது, 25 கணக்குகளில் 16 சரியாக இருந்தன. தவறிய 9-இல் 6 கணக்குகள் விகிதமும் சதவீதமும் சார்ந்தவை. என்னைப் பற்றிய தீர்ப்பாக வந்த வாக்கியம், அடுத்த வாரம் எதைப் படிக்க வேண்டும் என்ற குறிப்பாகச் சுருங்கிவிட்டது. மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960-களில் உருவாக்கிய சிகிச்சை முறையும், தானாக எழும் எண்ணங்களை இவ்வாறு சான்றோடு ஒப்பிடவே கற்பிக்கிறது. ஆனால் இடப்பக்கத்தில் எழுதியவை அனைத்தும் பொய்யல்ல. "திருப்புதலுக்கு நேரம் போதாது" என்பது உண்மையாகவே இருந்தது. அதற்கு ஆறுதல் வார்த்தை உதவாது என்பதால் கால அட்டவணையை மாற்றினேன்.

மூன்று வாரம் கழித்துப் புரட்டியபோது, பெரும்பாலான வரிகள் இரவு 11 மணிக்கு மேலோ, "எவ்வளவு முடித்தாய்?" என்று நண்பர்கள் விசாரித்த பிறகோ எழுதப்பட்டிருந்தன. அதன்பின் 11 மணிக்குப் படுத்துவிட்டேன். தேர்வு முடியும்வரை அந்தக் கேள்வியைத் தவிர்க்குமாறு நண்பர்களிடம் சொன்னேன். ஒருவருக்கு அதில் வருத்தம்தான்.

தேர்வுக்குச் சற்று முன் 10 நிமிடம் தம் அச்சங்களை எழுதிய மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் பெற்றதாக உளவியல் ஆய்வாளர்கள் ஜெரார்டோ ராமிரெஸும் சியான் பெய்லாக்கும் 2011-இல் எழுதியிருக்கிறார்கள். தேர்வன்று காலை நானும் அவ்வாறே எழுதினேன். நடுக்கம் நிற்கவில்லை என்றாலும், வினாத்தாளைப் படிக்க மனம் ஒத்துழைத்தது.

அம்முறை தேர்ச்சி பெற்றேன். நோட்டுப் புத்தகம் மட்டும் இன்னும் மேசையில் இருக்கிறது. இப்போது இடப்பக்கத்தில் வருபவை, மேலதிகாரி முகம் கொடுத்துப் பேசவில்லை, நண்பன் அழைப்பை எடுக்கவில்லை என்பன போன்றவை. வலப்பக்கம் பல நாட்களில் "ஆதாரம் இல்லை" என்ற இரண்டு சொற்களோடு முடிந்துவிடுகிறது.